ஐயாவின் பெட்டகத்தில் கிடைத்த பட்டாளப் படம்: 1942 தானா?

இரண்டாம் கட்டு எழுதியது:

வணக்கம். தேவகோட்டையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீடு எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்குப் பொது. மராமத்து வேலை தொடங்குவதற்கு முன் அவரவர் அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. எங்கள் அறையில் தாத்தாவின், நாங்கள் ஐயா என்று கூப்பிடுகிறவரின், தேக்குப் பெட்டகத்தைத் திறந்தோம். அடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ரசீதுகளோடு உள்ளங்கை அளவில் ஒரு புகைப்படம் இருந்தது. முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன்.

படத்தில் ஐந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நிற்கிறார்கள். இடுப்பு வரை சேறு அப்பியிருக்கிறது. மூன்று பேர் தலையில் ஒரு பக்கமாக இழுத்துவிட்ட வட்டத் தொப்பி, ஒருவர் கம்பளிக் குல்லாய், ஒருவர் வெறுந்தலை. ஒருவர் சிகரெட் பிடிக்கிறார். பின்னால் மூக்கு தட்டையான படகு ஒன்றும், வேர் வெளியே தெரியும் மரங்களும். நடுவில் இருப்பவர் இரண்டு கால் வைத்த துப்பாக்கியைத் தோளில் சாத்தியிருக்கிறார். ஓரத்தில் இருப்பவரிடம் குட்டைத் துப்பாக்கி. மற்றவர்களில் இருவரிடம் நீளத் துப்பாக்கி. ஒருவர் தோளில் கயிறு, கயிற்றின் நுனியில் மரக்கட்டை. ஒருவர் தொடையில் கத்தி உறை.

ஐயாவுக்குப் பர்மாவில், புரோம் ஊரில் வட்டிக்கடை. 1942 மாசியில், ஜப்பான்காரன் வருகிறான் என்று கடையைப் பூட்டிவிட்டு, தாங்கூப் கணவாய் வழியாக நடந்து, அங்கிருந்து படகில் அக்கியாப், அப்புறம் சிட்டகாங் என்று ஊர் வந்து சேர்ந்தார். கூட வந்த அடுத்தாள் (கடை உதவியாள்) வழியிலேயே காலராவில் போய்விட்டார். வழியில் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி ஐயா சாகும்வரை சொல்வார். 1946 கடைசியில் பாக்கி வசூலுக்காகத் திரும்ப ரங்கூனுக்குக் கப்பலேறி, மூன்று வருடம் இருந்து, வந்த வரைக்கும் போதும் என்று வந்துவிட்டார்.

படத்தின் பின்னால் பென்சிலில் "விசு௵ மாசி௴ ௰௨௳" என்று ஐயாவின் கையெழுத்து. விசு வருடம் மாசி 12 என்றால் 1942 பிப்ரவரி கடைசி வாரம். சரியாக அவர் கணவாயில் இருந்த சமயம். என் அத்தைக்கு எண்பத்தாறு வயது. இந்தப் படத்தைப் பெரிதாக்கி, "தாங்கூப் வழியில் ஐயாவைக் காப்பாற்றியவர்கள், 1942" என்று எழுதி முகப்பில் மாட்ட வேண்டும் என்கிறார். சட்டம் போடக் கொடுப்பதற்கு முன் கேட்கிறேன்: இவர்கள் எந்தப் படை? 1942 என்று எழுதலாமா? தவறாக எழுதி மாட்டிவிட்டால் அடுத்த தலைமுறை அதையே நம்பும்.

---

வடக்கு வாசல் எழுதியது:

பர்மா, காடு, வெள்ளைக்காரச் சிப்பாய் என்றால் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் காட்டுப் படையான சிண்டிட்டுகளாக இருக்கும். கயிறு, கத்தி எல்லாம் அவர்களுக்குத்தான் பொருந்தும். ஆனால் அவர்கள் முதலில் உள்ளே போனது 1943 பிப்ரவரியில். அதனால் வருடத்தில் எனக்கும் சந்தேகம் இருக்கிறது.

---

பள்ளத்தூர் ஆர்மரர் எழுதியது:

ஆச்சி, வணக்கம். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் ஆயுதப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தப் படத்தில் இருக்கும் ரைபிளையும், ப்ரென் என்கிற அந்த இரண்டு கால் இயந்திரத் துப்பாக்கியையும் எத்தனையோ தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறது. நீளத் துப்பாக்கிகளில் போல்ட் கைப்பிடி இடப்பக்கம் தெரிகிறது. லீ என்ஃபீல்டு ரைபிளில் அது எப்போதும் வலப்பக்கம்தான். ப்ரென்னைப் பாருங்கள். அதில் மேகசின் (குண்டுப் பெட்டி) மேலே உட்காருவதால் குறி பார்க்கும் கண்ணிகளை இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள், இழுக்கும் பிடி வலப்பக்கம். உங்கள் படத்தில் இரண்டும் மாறியிருக்கின்றன. சட்டைப் பித்தான்களும் பெண்கள் சட்டை மாதிரி மாற்றி மூடியிருக்கின்றன. பிலிமைத் திருப்பிப் போட்டு அச்செடுத்திருக்கிறார்கள். படத்தைக் கணினியில் ஒரு தடவை திருப்பிவிட்டு, அதற்கப்புறம் மேலே படியுங்கள்.

வருடம் பார்க்க நான் பின்பற்றும் வழி இதுதான். படத்தில் இருக்கும் சாமான்களில் எது கடைசியாகப் பிறந்ததோ, அதற்கு முன்னால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது. பழைய சாமானை வைத்து எதையும் சொல்லக் கூடாது. பட்டாளத்தில் பழைய சாமான் லேசில் சாகாது, முப்பது வருடம் கழித்தும் வேலை செய்துகொண்டிருக்கும். கம்பளிக் குல்லாய் 1941 நார்வே தாக்குதல் படங்களிலும் இருக்கிறது, கடைசி வரைக்கும் இருக்கிறது. அது நமக்கு உதவாது. தட்டை மூக்குப் படகும் அப்படித்தான். அது எல்.சி.ஏ. என்கிற தரையிறங்கு படகு, முப்பத்தைந்து பேர் போல ஏற்றலாம், முன்பலகையைக் கீழே தள்ளினால் அதுவே பாலம். போர் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது.

குட்டைத் துப்பாக்கிக்கு வருவோம். அது டாமி கன். தாம்சன் என்பது முழுப்பெயர். பிரிட்டிஷ் அதிரடிப் படையான கமாண்டோக்களின் பழைய படங்களில் நீங்கள் பார்க்கும் தாம்சன் வேறு. அதில் குழல் மேல் வரிவரியாக வளையம் இருக்கும், நுனியில் பிளவு போட்ட மூடி இருக்கும், இழுக்கும் குமிழ் உச்சியில் இருக்கும், பல படங்களில் முன்னால் பிடிக்க ஒரு கைப்பிடியும் இருக்கும். அது 1928ஆம் வருட மாடல். ஐம்பது குண்டு கொள்ளும் வட்ட டிரம்மோடு போஸ் கொடுத்த படங்கள் நிறைய உண்டு. அந்த டிரம் கனமானது, நடக்கும்போது உள்ளே குண்டுகள் கடகடவென்று சத்தம் போடும். இரவில் பதுங்கிப் போகிறவனுக்கு அது ஆகாது. அதனால் இருபது குண்டு நேர்ப்பெட்டிக்கு மாறினார்கள். உங்கள் படத்தில் இருப்பதில் குழல் வழுவழுப்பு, நுனியில் மூடி இல்லை, இழுக்கும் குமிழ் பக்கவாட்டில். இது எம்1 மாடல். அமெரிக்க ராணுவமே அதை ஏற்றுக்கொண்டது 1942 ஏப்ரலில்தான். அப்படியானால் 1942 மாசியில் இந்தத் துப்பாக்கி தாங்கூப்பில் இருக்க வழி இல்லை.

நீளத் துப்பாக்கியின் மூக்கைப் பாருங்கள். பழைய நம்பர் 1 ரைபிளில் மரமும் குழலும் ஒரே இடத்தில் முடிந்து, மூக்கு மொட்டையாக இருக்கும். இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் நாம் செய்ததும் அதுதான், 1942இல் பர்மாவில் இருந்தவர்கள் கையில் இருந்ததும் அதுதான். இங்கே ஒருவரிடம் இருப்பதில் குழல் நுனி வெளியே ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டிருக்கிறது. அது நம்பர் 4.

தொப்பி. கமாண்டோக்களுக்குப் பச்சை பெரே, அதாவது இந்த வட்டத் தொப்பி, கொடுத்தது 1942 அக்டோபரில். அதற்கு முன் ஆளாளுக்கு அவரவர் ரெஜிமெண்ட் தொப்பி. நிறத்துக்கு ஒரு கதை உண்டு. நம்பர் 1 கமாண்டோவின் தோள் சின்னத்தில் நெருப்புக்குள் புகுந்து போகும் பச்சைப் பல்லி ஒன்று இருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற அந்த மூன்று நிறத்தில் பச்சையை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கருப்பு வெள்ளைப் படத்தில் பச்சையும், பாராசூட் படையின் கருஞ்சிவப்பும் ஒரே சாம்பல்தான். நிறத்தை வைத்துச் சொல்பவரை நம்பாதீர்கள். கட்டை வைத்த கயிற்றை வைத்தும் சொல்ல முடியாது, பாராசூட்காரர்களும் அதே ஆறடிக் கயிற்றைக் கொண்டுபோனார்கள். ஒரு கயிற்றின் கட்டையை இன்னொரு கயிற்றின் கண்ணில் மாட்டிக்கொண்டே போனால் வாய்க்கால் தாண்டப் பாலம் ஆகிவிடும்.

நான் பார்த்தது தொப்பியில் உள்ள சின்னத்தை. மூன்று தொப்பி, மூன்று வேறு வேறு உருவம். ஒன்று அகலம், ஒன்று உயரம், ஒன்று நட்சத்திரம் மாதிரி. பாராசூட் ரெஜிமெண்ட் என்றால் எல்லாம் ஒன்றாக இருக்கும். கடற்படையைச் சேர்ந்த ராயல் மரீன் கமாண்டோ என்றாலும் ஒன்றாக இருக்கும். ராணுவக் கமாண்டோக்கள் மட்டும்தான் பல ரெஜிமெண்டுகளில் இருந்து தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள், பச்சைத் தொப்பியிலும் தாய் ரெஜிமெண்ட் சின்னத்தையே குத்திக்கொண்டார்கள். பர்மா பக்கம் வந்த மூன்றாம் கமாண்டோ பிரிகேடில் நம்பர் 1, நம்பர் 5 இரண்டும் ராணுவத்தைச் சேர்ந்தவை, 42, 44 இரண்டும் மரீன். அதனால் இவர்கள் 1 அல்லது 5 என்பது என் கணிப்பு. சிண்டிட் என்று சொன்ன தம்பிக்கு: அவர்கள் ஓரம் அகன்ற காட்டுத் தொப்பி போட்டு, கோவேறு கழுதைகளோடு உள்நாட்டுக் காட்டில் நடந்தவர்கள். இது கடல் ஓதம் ஏறும் சேறு, பின்னால் இருப்பது அலையாத்தி மரம்.

அந்தப் பிரிகேட் இந்தியாவுக்கு வந்ததே 1944இல். பர்மாவின் மேற்கே அரக்கான் கரையில் அலேத்தாங்யாவில் 1944 மார்ச்சில் இறங்கினார்கள். பெரிய வேலை 1945 ஜனவரியில்: 3ஆம் தேதி அக்கியாப், 12ஆம் தேதி மைபோன், 22ஆம் தேதி காங்காவ். மைபோனில் ஓதம் வற்றிய நேரத்தில் பின்னால் இறங்கியவர்கள் இடுப்பளவு சேற்றில் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். உங்கள் படத்துச் சேற்றைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தக் கரை முழுக்கச் சேறுதான், அதனால் மைபோன் என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. இது சண்டைக்கு நடுவில் எடுத்த படம் இல்லை. ப்ரென்னில் மேகசின் இல்லை, அது உட்காரும் வாய்க்கு மேல் தகட்டை இழுத்து மூடியிருக்கிறார்கள். அபாயம் தாண்டிய இடத்தில் மட்டும்தான் அப்படிச் செய்வோம். இந்த விஷயத்தில் உங்கள் படம் நேர்மையானது. பத்திரிகைகளில் வந்த பல படங்களில் சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்து ஓடிவருவார்கள். அப்படியென்றால் படம் எடுத்தவர் எதிரி நின்ற பக்கம் நிற்க வேண்டும். அவையெல்லாம் ஸ்காட்லாந்தில் அக்னகாரி பயிற்சி முகாம் போன்ற இடங்களில் எடுத்தவை. கீழே போட்ட தலைப்பு மட்டும் போர்க்களம் என்று சொல்லும்.

தொடையில் இருக்கும் கத்தியை மட்டும் 1200 டிபிஐயில் திரும்ப ஸ்கேன் செய்து போடுங்கள். கைப்பிடி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐயாவைப் பற்றிய செய்தியில் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் நடந்தது உண்மை. இந்தப் படம் அந்த நடையில் எடுத்தது இல்லை, அவ்வளவுதான் நான் சொல்வது.

---

இரண்டாம் கட்டு எழுதியது:

அண்ணே, உங்கள் பதிலை நான்கு முறை படித்தேன். படத்தைத் திருப்பிப் போட்டேன். பித்தான் வரிசை சரியானதும் ஐந்து பேரும் வேறு ஆட்கள் மாதிரி தெரிகிறார்கள். கத்தியை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். கைப்பிடியில் மேலிருந்து கீழே வரை நெருக்கமாக வளையம் வளையமாக வரி ஓடுகிறது. குறுக்குப் பட்டை நேராக இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் மனசு கனத்துவிட்டது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஐயா கணக்கில் காலணா தவற விடமாட்டார். அவர் கையால் விசு என்று எழுதியிருக்கிறாரே? 1944இல் எடுத்த படத்தின் பின்னால் 1942 என்று ஏன் எழுத வேண்டும்?

---

பள்ளத்தூர் ஆர்மரர் எழுதியது:

பார்த்துவிட்டேன் ஆச்சி. ஃபேர்பேர்ன் சைக்ஸ் கத்தி. ஷாங்காய் போலீஸில் இருந்த இரண்டு பேர் வடிவமைத்தது, வில்கின்சன் செய்தது. 1941இல் வந்த முதல் வார்ப்பில் குறுக்குப் பட்டை பாம்பு மாதிரி வளைந்திருக்கும். அடுத்ததில் பட்டை நேராகிவிட்டது, கைப்பிடியில் சதுரம் சதுரமாக நுண்ணிய வெட்டு இருக்கும். வளைய வரி போட்ட கைப்பிடி மூன்றாவது வார்ப்பு, 1943 கடைசியில் இருந்து வருவது. ஆக இந்தப் படத்தில் கடைசியாகப் பிறந்த சாமான் அந்தக் கத்திதான். படம் 1944 அல்லது 1945.

எழுத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. அதற்குப் பழைய ஏடு படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது வர வேண்டும்.

---

பழங்கணக்கு எழுதியது:

காரைக்குடியில் நாற்பது வருடம் கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவன். பர்மா, மலேயா பேரேடுகள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பின்பக்க ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அம்மா. நீங்கள் விசு என்று படித்த இடத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

பென்சில் எழுத்து அழிந்தாலும் அழுத்திய பள்ளம் காகிதத்தில் நிற்கும். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் படத்தின் ஓரத்தில் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விசு என்றால் இரண்டாம் எழுத்தின் தலையில் குறுக்குக் கோடு வேண்டும், வலப்பக்கம் கீழே இறங்கும் சுழி வேண்டும். தலை திறந்து, இரண்டு பள்ளமாக ஓடினால் அது ய. வருடச் சின்னமான ௵ அதை ஒட்டியே வருவதால், அதன் தொடக்கக் கோடு சுழி மாதிரி ஏமாற்றும். பலரும் இதில் தடுமாறி நான் பார்த்திருக்கிறேன்.

விய என்று ஒரு வருடம் உண்டு. விசு, சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப, விய என்று எண்ணிக்கொள்ளுங்கள். விய வருடம் மாசி 12 என்றால் 1947 பிப்ரவரி. உங்கள் ஐயா திரும்ப ரங்கூனில் இருந்த காலம்.

வட்டிக்கடைக்காரர்கள் ஒரு பொருளின் பின்னால் தேதி போட்டால் அது கைக்கு வந்த தேதி. படம் பிடித்த தேதியை எழுதும் வழக்கம் நம்மவர்களிடம் இல்லை. அந்த வருடத்துச் சிட்டை (அன்றாடக் கணக்குப் புத்தகம்) பெட்டகத்தில் இருந்தால் மாசி 12க்கு நேராகப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கியது என்றால் எழுதாமல் விட்டிருக்க மாட்டார்.

---

பள்ளத்தூர் ஆர்மரர் எழுதியது:

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு என் வணக்கம். நான் இரும்பைப் பார்த்துச் சொன்னதை நீங்கள் எழுத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டீர்கள்.

படம் இடம் மாறி அச்சானதற்கும் இப்போது காரணம் தெரிகிறது. பின்னால் வெலாக்ஸ் என்று அச்சடித்திருப்பது கோடக் காகிதம், கடைகளில் தொட்டு அச்செடுக்கப் பயன்பட்டது. ராணுவப் படப்பிரிவு எடுத்த படமென்றால் எஸ்.இ. போல எழுத்தும் எண்ணும் இருக்கும், இதில் ஒன்றும் இல்லை. ஏதோ சிப்பாயின் சொந்தப் பிலிம் எப்படியோ கடைக்கு வந்து, படத்தில் இருக்கும் ஆட்களைத் தெரியாத ஒருவர் அச்செடுத்திருக்கிறார். தெரிந்தவர் எடுத்திருந்தால் முகம் மாறியதைக் கண்டுபிடித்திருப்பார்.

அந்த ஐந்து பேரைப் பற்றி ஒரு வார்த்தை. காங்காவில் 170ஆம் குன்று என்று ஒரு இடம். ஜப்பான்காரர்கள் அரக்கானில் இருந்து பின்வாங்கும் சாலையை அடைக்கக் கமாண்டோக்கள் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1945 ஜனவரி 31 காலையில் அந்தக் குன்றின் முனையில் நம்பர் 1 கமாண்டோவின் 24 பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் லெப்டினன்ட் ஜார்ஜ் நோலண்ட். பள்ளம் பள்ளமாக ஓடிக் குண்டு கொடுத்தார், காயம்பட்டவர்களை எடுக்கும்வரை ப்ரென்னைத் தானே பிடித்தார், இரண்டு அங்குல மோர்ட்டாரை இடுப்பில் வைத்தே சுட்டார், கடைசியில் விழுந்துகிடந்த ஒருவரின் டாமி கன்னை எடுத்துச் சுட்டுக்கொண்டே செத்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். உங்கள் படத்தில் இருப்பவை அதே ஆயுதங்கள். ஐந்து பேரில் யார் யார் வீடு திரும்பினார்களோ.

---

இரண்டாம் கட்டு எழுதியது:

நேற்று இரவு மின்சாரம் போன நேரத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தோம். தலைக்கோடு இல்லை. திறந்த ய. என் தம்பி மகன், அவனுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, அவனே "விய" என்று படித்துவிட்டான்.

விய வருடத்துச் சிட்டை கரையான் அரித்துப் பாதிதான் இருக்கிறது. மாசிப் பக்கங்கள் தப்பியிருந்தன. 12ஆம் தேதியில் வெற்றிலை, தபால், கிட்டங்கி வாடகைக்கு அப்புறம் ஒரு வரி: "படம் 3க்கு ரூ. 1-8-0". எந்தக் கடை என்று இல்லை.

அத்தையிடம் இன்று காலையில் சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், தன் அப்பாவான ஐயாவைப் பற்றி, "எங்க அப்பச்சி இவங்கதான்னு சொல்லல. இவங்கள மாதிரி ஆளுகன்னுதான் சொல்லுவாக" என்றார். இத்தனை வருடமாக எங்களிடம் சொல்லும்போது அந்த "மாதிரி" எப்படியோ விழுந்துவிட்டது.

படத்தைத் திருப்பி, சரியான பக்கம் வருமாறு அச்செடுத்து மாட்டப் போகிறோம். கீழே "பிரிட்டிஷ் ராணுவக் கமாண்டோக்கள், அரக்கான் கரை என்று கருதப்படுகிறது, 1944–45. ஐயா ரங்கூனில் வாங்கியது, விய௵ மாசி௴ ௰௨௳" என்று எழுதலாமா அண்ணே? கணக்கப்பிள்ளை ஐயாவும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சிட்டையில் மூன்று படம் என்று இருக்கிறது. கையில் இருப்பது ஒன்றுதான். பிஸ்கட் டின் இன்னும் இரண்டு இருக்கின்றன, மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வருகிறார், திறந்ததும் எழுதுகிறேன்.